மாமா வாங்கிவந்த பால் சுறா

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. கோயமுத்தூருக்குக் கடல்மீன் வருவதென்றால் கொச்சியிலிருந்து பனிக்கட்டிப் பெட்டிக்குள் லாரியேறி உக்கடத்துக்கு வந்தால்தான் உண்டு. மீனைப் பற்றி என் தாய்மாமனுக்குத் தெரிந்ததெல்லாம் அது தட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே. அப்படிப்பட்டவரை நம்பித்தான் பெரியம்மா அன்று பால் சுறா வாங்கிவர அனுப்பினார்.

தம்பி பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை உறிஞ்சிப் பார்க்கும், கிடைக்காமல் முகம் சிவந்து கத்தும், கூடவே அம்மாவும் அழுவார். வியாழக்கிழமைக்குள் எடை ஏறாவிட்டால் புட்டிப்பால் தொடங்கிவிடலாம் என்று டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது பரீட்சையில் தோற்றதுபோல் ஆகிவிட்டது. அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை காலையில், இனிப் பால் சுறாப் புட்டுதான் கதி என்று முடிவானது.

எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. பால் சுறா என்றால் உள்ளே பால் இருக்கும் சுறா. எருமைக்கு மடி இருப்பதுபோல் அதற்கும் எங்கேயாவது இருக்கும். அந்தப் பால் அம்மாவுக்குப் போய், அம்மாவிடமிருந்து தம்பிக்குப் போகும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டு நானும் போனேன்.

அன்று பார்த்துப் பால் சுறா வரவில்லை. நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு சுறாவைப் பார்த்தோம். கருத்த உடம்பு, உப்புத்தாள் மாதிரி தோல், முதுகில் முள். கோலிக்குண்டைவிடப் பெரிய பச்சைக் கண்கள் செத்த பிறகும் மினுங்கிக்கொண்டிருந்தன. வயிறு ஏற்கெனவே கிழிபட்டிருந்தது.

“சுறாதானுங்க. ஆனா பால் சுறா இல்லீங்க,” என்றார் கடைக்காரர். “இது ஆழக்கடல்ல கெடக்கறது. எண்ணெய்க்காகப் புடிக்கறாங்க. ஈரல அங்கியே எடுத்துப்போட்டு மிச்சத்த இங்க அனுப்பறாங்க.”

“எவ்வளவு ஆழமுங்க?” என்று கேட்டேன்.

“நம்ம மருதமலையத் தூக்கி உள்ள போட்டாக் கோபுரங்கூடத் தெரியாது அம்மணி. அங்க வெளிச்சமே கெடையாது. அதுக்குத்தான் இத்தாப்பெரிய கண்ணு.”

வெறுங்கையோடு போய்ப் பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள மாமா தயாராக இல்லை. “எந்தச் சுறாவா இருந்தா என்னங்க, வெட்டிப் போடுங்க. தல வேண்டாம்,” என்றார். கடைக்காரர் வயிற்றைச் சுத்தம் செய்யக் கைவிட்டார். கையோடு ஒரு குட்டி வந்தது. ஒரு சாண் நீளம். அதற்கும் அதே பச்சைக் கண்கள். அடியில் முட்டைக்கரு போல ஒரு மஞ்சள் பை தொங்கியது. அவர் இன்னொரு முறை துழாவிப் பார்த்துவிட்டு, “ஒண்ணே ஒண்ணுதான்,” என்று அதை ஓரமாகப் போட்டார்.

வரும் வழியில் மாமா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். “ஊட்டுல பால் சுறான்னே சொல்லிப்போடு அம்மணி. தலையில்லாத மீன யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?”

ஐஸ்கிரீம் இருந்தவரை எனக்கு அது நியாயமாகவே பட்டது. தீர்ந்ததும் பயம் வந்தது. குட்டி இருந்ததென்றால் பால் அந்தக் குட்டிக்கு உரியதல்லவா? அதைத் திருடித் தம்பிக்குக் கொடுத்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடாதா?

பெரியம்மா மீனை மஞ்சள் போட்டு வேகவைத்துத் தோலை உரித்தார். “என்றா இது, தோலு இப்படிச் சொரசொரங்குது?” என்றார். “கொச்சிச் சுறாங்க்கா,” என்றார் மாமா கூசாமல். உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்துத் தாளித்த புட்டு அம்மாவின் முன்னால் வந்தது. அம்மா முதல் கவளத்தை எடுத்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“திங்காதீங்கம்மா! அது பால் சுறா இல்லீங்க. அது வயித்துல குட்டி இருந்துச்சுங்க!”

பெரியம்மா மாமாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். மாமா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மா மட்டும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“எத்தன குட்டி கண்ணு?”

“ஒண்ணே ஒண்ணுதானுங்கம்மா.”

எடுத்த கவளத்தை அம்மா தட்டிலேயே போட்டுவிட்டார். பெரியம்மா எவ்வளவோ சொல்லியும் தொடவில்லை. தம்பியைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. இருந்த ஒரே மருந்தையும் கெடுத்தவள் நான்தான். தம்பி அழும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லித் திட்டுவதாகவே தோன்றியது.

வியாழக்கிழமை அடம்பிடித்து நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி கைகாலை உதறிய உதறலில் தராசு முள் நிற்பேனா என்றது. கடைசியில் நின்றது. “நல்லா ஏறியிருக்கு. புட்டி வேண்டாம்,” என்றார் டாக்டரம்மா. நிம்மதி தாங்காமல் நான் அங்கேயே ஓவென்று அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை. பெரியம்மா பூண்டுப் பாலுக்குப் பெயர் வாங்கிக்கொண்டார். சுறாவின் வாசனைக்கே பால் சுரந்துவிட்டது என்று மாமா இன்றுவரை சாதிக்கிறார்.

போன மாதம் பத்திரிகையில் அந்தப் பச்சைக் கண்களை மறுபடி பார்த்தேன். கேரளக் கரைக்கு அப்பாலும் அந்தமான் பக்கமும் வெளிச்சம் எட்டாத கடற்சரிவுகளில் வாழும் சுறாக்கள் என்று எழுதியிருந்தது. பல வருஷம் வளர்ந்த பிறகே கருத்தரிக்குமாம். அப்போதும் ஒன்றோ இரண்டோ குட்டிதானாம். பிடிக்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் குறைந்துகொண்டே வருவதால், காப்பாற்ற வேண்டும் என்று இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப இனி அதுகள உட்டுப்போடுவாங்களா கண்ணு?”

“உட்டுப்போட்டாத் தேவலைன்னுதான் எழுதியிருக்குதுங்கம்மா.”

“நல்லா இருக்கட்டும்,” என்றார் அம்மா.

அன்று அம்மா புட்டைத் தொடாமல் விட்டது என்னைப்போலப் பயந்துதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். எனக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு முறை அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார் என்பதை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் பெரியம்மா சொன்னார். அந்த நாட்களில் என்னைக் கொண்டுபோய் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அம்மா இன்னும் இரண்டு நாள் கழித்து வந்தால் தேவலை என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.