கொம்பு இல்லாத பசு

இணையப் பக்கத்துக்கு முகம் செய்து கொடுப்பது என் வேலை. பின்னால் ஓடும் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் வேறு ஆட்களின் பாடு. கண்ணுக்குத் தெரிகிற பொத்தான், பெட்டி, நிறம், எழுத்து, இவை என் பாடு. சொந்தக்காரர்களுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. "கம்ப்யூட்டர்ல டிசைனா?" என்பார்கள். ஆமாம் என்பேன். அதற்கு மேல் விளக்கத் தெம்பு இருந்ததில்லை.

ஆரம்பத்தில் தெம்பு இருந்தது. மேற்கு தாம்பரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இரண்டே அறை கொண்ட ஆபீஸ். கல்யாண மண்டபங்களுக்கும் டுட்டோரியல்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். மண்டபத்துக்காரருக்கு "வருக வருக" என்ற எழுத்து திரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட வேண்டும். அது ஓடினால் போதும், மீதியை நம் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார். ஒரு மண்டபத்துக்கு மவுஸ் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போகும் மீன் ஒன்று செய்தேன். மண்டபத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. வால் வளைந்து திரும்புவதற்கான கணக்கைப் போட எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் நான் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஓ.எம்.ஆர். சாலையில் பெரிய கம்பெனி கிடைத்தது. மீன் போயிற்று. சிட்லபாக்கத்திலிருந்து நடந்து கிழக்கு தாம்பரம் வந்து ஷேர் ஆட்டோ பிடிப்பேன். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நிற்போம். "இன்னா சார், பைய மடியில வெச்சுக்கோ, பின்னாடி எடம் கீது, இன்னொருத்தர் குந்தட்டும்" என்பார் ஓட்டுநர். இடம் இருக்காது. ஆனாலும் இன்னொருவர் உட்காருவார். ஆபீஸ் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

மீதி பாதியை ஒரு நீலப் பொத்தான் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தில், பழைய பிரவுசரில் திறந்தால் மட்டும், அந்தப் பொத்தான் இரண்டு புள்ளி கீழே இறங்கி நிற்கும். ஏற்றினால் புது பிரவுசரில் இரண்டு புள்ளி மேலே போய்விடும். அந்த இரண்டு புள்ளிக்காக ஒரு வருடத்தில் எத்தனை மெயில் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க நான் விரும்பவில்லை. மற்றபடி புகார்கள் வரும். பக்கம் வேலை செய்யவில்லை என்று யாராவது எழுதுவார்கள். பார்த்தால், தேதி கேட்ட இடத்தில் பெயரைப் போட்டிருப்பார்கள். எங்கள் டீம் லீட் எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், யூசர் எரர்னு போட்டு க்ளோஸ் பண்ணிடு" என்பான். தப்பு பயன்படுத்துகிறவர் மேல், நம் மேல் இல்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாலைந்து முறை அதை எழுதுவேன். எழுதி எழுதி அது கைக்குப் பழகிவிட்டது.

வீட்டில் அப்பா, அம்மா, நான். அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, தினமும் ஒரே கேள்வி.

"வேலை எப்படிப்பா போகுது?"

"போகுதுப்பா."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார். நான் கை கால் கழுவப் போய்விடுவேன். வாயைத் திறந்தால் நீலப் பொத்தானைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அதை வேறு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா?

ஒரு நாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பேப்பர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "நீங்க சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல நினைக்கறதும் உள்ள அப்படியே இருக்கு. வாய்க்குத்தான் வராது" என்றார் டாக்டர். அம்மா குன்றத்தூர் மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தோம். கோடு கோடாக வந்தது, எழுத்தாக வரவில்லை. உள்ளே அப்படியே இருக்கிறது என்று தெரிந்த மனுஷனின் எதிரில் உட்கார்ந்து, அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் முழிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். கம்ப்யூட்டரை ஹாலில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவருக்காக ஒரு பக்கம் செய்தேன். திரை முழுக்கப் பெரிய பெரிய எழுத்துகள். க, ச, த என்று எழுத்துகள் மேலே, புள்ளி, கால், சுழி, கொம்பு எல்லாம் கீழே. மவுஸை இடது கையால் நகர்த்தினால் போதும், அழுத்த வேண்டாம். ஓர் எழுத்தின் மேல் மூன்று விநாடி நின்றால் அது தானாக மேலே உள்ள பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கை நடுங்கினாலும் தப்பு எழுத்து விழாதபடி விளிம்புகளை அகலமாக வைத்தேன். கம்பெனிப் பழக்கம் விடவில்லை, சேர முடியாத எழுத்தைப் பெட்டி ஏற்கக் கூடாது என்று ஒரு விதியும் எழுதினேன். முன்னால் எழுத்து இல்லாமல் காலோ கொம்போ வந்தால் அது மெல்லச் சிவந்து, கரைந்து மறையும். அந்தச் சிவப்பு கரைகிற அழகுக்காக மட்டும் ஒரு மத்தியானம் செலவழித்தேன். மீனுக்கு அப்புறம் மனசார நான் செய்தது அதுதான்.

முதலில் வந்த சொல் "தண்ணி". அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்து "விசிறி". அப்புறம் "கால்", கால் மரத்துப் போயிருந்தது. எழுத்து எழுத்தாக வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும், அதனால் எப்போதும் சின்னச் சின்னச் சொல்தான். ஆபீஸில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் நானே சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், நான் கை கால் கழுவி வருவதற்குள் பெட்டியில் "பசு" என்று வந்திருந்தது.

"பசுவா? என்னங்க, பால் வேணுமா?" என்றாள் அம்மா. அவர் தலையை ஆட்டினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தலையாட்டுவது ஆமாமா இல்லையா என்று சொல்ல முடியாது. அம்மா ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அவருக்குப் பாலே பிடிக்காது. சாப்பிடுகிற மாத்திரைக்கு நாக்கு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். மறுநாளும் பசு. மறுநாளும் பால். சில நாள் பசுவுக்கு முன்னால், இடம் விட்டுத் தனிச் சொல்லாக, "வைல" என்று ஒன்று வரும்.

"வெயில்னு எழுதறார்டா" என்றாள் அம்மா.

"விளக்கு வெச்சப்புறம் ஏதும்மா வெயில்?"

"பகல்ல அடிச்சதைச் சொல்றார். அனலாத்தானே இருக்கு."

மின்விசிறியைக் கூட்டி வைத்தோம். அவர் இடது கையால் மேஜையைத் தட்டினார். ஒரு நாள் பால் டம்ளரைத் தட்டிவிட்டார். கீபோர்டு முழுக்கப் பால். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "கஷ்டப்பட்டு செஞ்சு கொடுத்தா இப்படியா பண்றது?" என்று கத்தினேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

அம்மாவிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னேன். "அப்பாவுக்கு எழுத்து மறந்துக்கிட்டு வருதும்மா."

"உங்க அப்பாவுக்கா? முப்பது வருஷம் எழுதியே பொழச்ச மனுஷன்டா."

"நான் எல்லாம் செக் பண்ணிட்டேன். பேஜ்ல ஒரு தப்பும் இல்ல."

அந்த வாக்கியத்தை எப்படி அவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. யூசர் எரர் என்று எழுதி மூடிவிட்டேன், வேறென்ன.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் பையோடு பக்கத்தில் நின்று சும்மா அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயம். முதலில் கொம்பு போட்டாள், அப்புறம் வ. அடுத்த வரி தேங்காய். முதலில் கொம்பு, அப்புறம் த.

"அம்மா, இன்னொரு தடவை எழுது."

"என்னடா?"

"தேங்காய்னு எழுது."

முதலில் கொம்பு. கையால் எழுதுகிற யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒன்றாம் வகுப்பில் நானும் அப்படித்தான் எழுதினேன். கம்ப்யூட்டருக்குத்தான் வ முதலில் வேண்டும், கொம்பு பின்னால் வர வேண்டும். ஏழெட்டு வருடமாகப் பேனாவைத் தொடாமல் தட்டித் தட்டியே எழுதியதில், தமிழே அந்த வரிசையில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அப்பா தேடிப் பிடித்து முதலில் நிறுத்திய கொம்பை, முன்னால் எழுத்து இல்லை என்று என் பக்கம் சிவக்கச் சிவக்கத் தூக்கி எறிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பை அவர் பார்த்திருக்கிறார்.

பையைக் கீழே போட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் எந்த எழுத்தில் எப்போது நின்றார் என்று, எறிந்தவை உட்பட, எல்லாவற்றையும் அந்தப் பக்கம் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தது. பிழை பிடிக்க உதவும் என்று நானே வைத்ததுதான். திறந்து பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவு நிச்சயம் எனக்கு. இப்போது பார்த்தேன். ஏகாரக் கொம்பு, ப, ச, உகரச் சுழி. பசு இல்லை. பேசு. அதற்கு முன்னால் இருந்ததையும் கை எழுதுகிற வரிசையில் படித்தேன். ஏகாரக் கொம்பு, வ, ஐகாரக் கொம்பு, ல. எறிந்தது போக மிச்சமிருந்த கொம்பு தப்பான எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வைல ஆகியிருக்கிறது. அவர் எழுதியது வேலை. பக்கத்திலேயே நேரமும் இருந்தது. எல்லா நாளும் ஏழு மணிக்கு மேல், நான் செருப்பைக் கழற்றுகிற நேரம்.

வேலை. பேசு. வேலை. பேசு. ஃபைல் நெடுக அதுவே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மின்விசிறியைக் கூட்டிப் பால் கொடுத்திருக்கிறோம்.

திருத்த எட்டு நிமிஷம் ஆயிற்று. கொம்பு முதலில் வந்தால் எறியாதே, அடுத்த எழுத்து வரும்வரை பிடித்து வைத்துக்கொள், அவ்வளவுதான். சிவப்பையும் எடுத்துவிட்டேன்.

அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அவர் திரையைப் பார்க்க மறுத்தார். இடது கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தேன். இழுத்துக்கொண்டார்.

"அப்பா, தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான். ஒரே ஒரு தடவை பாருங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு கை தானாக வந்தது. நடுங்கிக்கொண்டே போய் ஏகாரக் கொம்பின் மேல் நின்றது. மூன்று விநாடி. கொம்பு பெட்டியில் போய்த் தனியாக நின்றது, மறையவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வ. ஐகாரக் கொம்பு. ல. பெட்டியில் "வேலை" என்று இருந்தது.

"போகுதுப்பா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மவுஸ் மறுபடி நகர ஆரம்பித்தது. "பேசு" என்று முடிக்க அவருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நெற்றியில் வியர்வை வழிந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினேன். நீலப் பொத்தானைச் சொன்னேன், அந்த இரண்டு புள்ளியைச் சொன்னேன். மீனைச் சொன்னேன், அதன் வாலைச் சொன்னேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்றும், காலையில் ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே அழுகை வருகிறது என்றும், அலுத்துப் போய்விட்டேன் என்றும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அவர் ஒரு பக்கம் கோணிய வாயோடு, கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா பழக்கதோஷத்தில் பால் டம்ளரோடு வந்து நின்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டம்ளரை நான் வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசினேன்.