மூலைக்குத் தள்ளினால் வரும் பெயர்

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். பத்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் படித்தால் தங்கள் பங்குக்கு எதையாவது சேர்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தேன். டைப்ரைட்டரை எடுத்துவிட்டு என் மேசையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் திரை கறுத்து, அதில் எழுத்து ஓடும். அமைத்துக் கொடுக்க வந்தவர், "இன்னா எழுதட்டும் சார்? கம்பெனி பேரு போட்ரட்டா?" என்று கேட்டார்.

"முருகான்னு போடுப்பா" என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

இங்கிலீஷ் எழுத்தில்தான் போட முடிந்தது. மௌஸின் அம்பை வலது மேல் மூலைக்குத் தள்ளினால் காத்திருக்காமல் உடனே அந்தப் பெயர் வரும். லேசாக அசைத்தால் போய்விடும். பாதி அடித்த பட்டியல் அப்படியே இருக்கும். அவ்வளவு சுலபம். வேலையில் இறங்கினால் நான் சாமியை மறந்துவிடுகிறவன். இதுவோ கை ஓய்ந்ததும் தானாகச் சாமி பெயரைச் சொல்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

லேத்தில் வேலை செய்த நண்பர் என்னை விடமாட்டார். "இன்னா அண்ணாத்தே, நீ டீ குடிக்கப் போயிட்ற, உன் புண்ணியத்த மெஷினு சம்பாரிக்குது. உனுக்கு முன்னாடி அதான் மோட்சத்துக்குப் போவும்."

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும், ஆபீஸ் போன் அடித்தது. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். குறித்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பேசியது என் அக்கா.

"ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டேன்டா. ரத்தம் நெறையப் போவுது, ஆபரேசன்னு சொல்றாங்கோ. நீ ஓடியாராத, போன் பக்கத்துலியே இரு. ரத்தம் வேணும்னா சொல்றேன், நாலு ஆளுங்கள இட்டுகினு வா."

நண்பர் நாலு பேரைத் திரட்டி, கம்பெனி வேனை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நான் வேண்டிக்கொள்ள வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. தினமும் குளித்து விபூதி வைத்துக்கொண்டு சொல்கிற பெயர், அன்று நாக்கில் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிரே திரை கறுத்தது. வலப்பக்கத்திலிருந்து அந்தப் பெயர் மெல்ல நகர்ந்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி அதைப் படித்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

என் கை மௌஸில் பட்டது. பெயர் மறைந்து போல்ட் பட்டியல் வந்து நின்றது. அவசரமாக அம்பை மூலைக்குத் தள்ளினேன், வந்தது. மறுபடி கை பட்டது, போனது, மறுபடி தள்ளினேன். நண்பர் என் கையைப் பிடித்து எடுத்து மடியில் வைத்தார்.

"கம்முனு இரு அண்ணாத்தே. அது சொல்லிகினு இருக்கட்டும், நீ பின்னாடியே சொல்லு."

மதியம் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது, ஷெட்டில் மெஷின்கள் அடங்கின. திரையில் ஒன்றும் இல்லை. அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. பெயர் என் வாயில் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் வாயிலும்.

போன் அடித்தது. "ரத்தம் வேணாம்டா. பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்கோ."

நான் வாசலுக்கு ஓடினேன். நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மெஷினாண்ட சொல்லிட்டுப் போ அண்ணாத்தே, கரண்ட் வந்தா தேடும்" என்றார்.

இதைக் கேட்ட சிலர், கரண்ட் போன பிறகும் பெயர் திரையில் நின்றதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நிற்கவில்லை. நீங்கள் யாரிடமாவது சொல்வதானால், திரை அணைந்ததையும் விடாமல் சொல்லுங்கள். இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்ப்பது அந்த இடத்தில்தான்.