நுரையீரலின் நேரம்

சீன வைத்தியக்காரம்மா என்ன சொன்னாள் என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? சரி, கேளுங்கள்.

அமெரிக்காவில், மகன் இருக்கும் ஜெர்சி சிட்டியில், காய்ந்த வேர் வாசம் அடிக்கும் சின்னக் கடை. அந்த அம்மா மூன்று விரலால் என் நாடியைப் பிடித்திருக்கிறாள். அவள் இங்கிலீஷை மருமகள் தமிழாக்குகிறாள்.

"எப்ப முழிப்பு வருதுன்னு கேக்கறாங்க அத்தை."

"விடியக்காலை மூணு மணிக்கு. அலாரம் வேணும்னா என்னை வாடகைக்கு எடுத்துக்கச் சொல்லு."

வைத்தியக்காரம்மா சிரிக்கவில்லை.

"அவங்க வைத்தியத்துல அது நுரையீரலோட நேரமாம் அத்தை. துக்கம் அங்கதான் தங்குமாம். யாரு போனாங்கன்னு கேக்கறாங்க."

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் இருமுவார். எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். அவர் போன பிறகும் எழுந்து வைக்கிறேன்.

"அவருக்குத்தான் இன்னும் வெந்நீர் வைக்கறேன்னு சொல்லு."

மருமகள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுது முடிக்கும்வரை அந்த அம்மா விரலை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிகளிடம் மட்டும், "வெறும் வாயுதானாம்" என்று சொல்லிவிட்டேன்.