பல்லில் கடித்த கத்தி

இந்த ஆண்டு படித்தவற்றில் முதலில் ஒரு சமையல் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். கடற்கரை உணவுகளைப் பற்றியது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். மீன் வாங்குவது பற்றிய அத்தியாயத்தில், சந்தைக்குள் நுழையும் முன் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்ளுமாறு ஆசிரியர் எழுதியிருக்கிறார். மீன் நல்லதா என்று அறிய மோந்து பார்ப்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. மூக்கைக் கட்டிக்கொண்டு மீன் வாங்கியவரின் குழம்பை நான் செய்து பார்க்கவில்லை.

அடுத்தது ஒரு பயணக் கட்டுரைத் தொகுப்பு. ஆசிரியர் ஒரு காலையில் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து போயிருக்கிறார். புகைபோக்கிகளுக்கு முன்னால் நீர்ப்பறவைகள் நின்றது ஓவியம் போல இருந்ததாம். அந்த நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவும் பெண்களும் அங்கே இருந்திருப்பார்கள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் கட்டுரையின் இரண்டாம் பாதி வேறு மாதிரி போயிருக்கும். அவர் கேட்கவில்லை. பறவைகளின் பெயர்களை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்.

எல்லாமே இப்படி இல்லை. குளிர்நாடு ஒன்றின் துறைமுகத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் படித்தேன். எழுதியவருக்குச் சென்னை என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் விடியும் முன் ஐஸ் பாளத்தை உடைக்கும் சத்தத்தை அவர் எழுதியிருந்த பத்தியில் எனக்கு எங்கள் காசிமேடு மீன்துறைமுகம் கேட்டது. அந்த நாவலை இரண்டாம் முறையும் படித்தேன்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்த மூன்றும் அல்ல, ஒரு குற்ற நாவல்.

வண்ணாரப்பேட்டையில் துணி எடுக்கப் போனபோது, மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். அட்டையில் ஒரு மனிதரின் முகம். பற்களுக்கு இடையில் கத்தி. கண்கள் இடுங்கி, நெற்றி சுருங்கியிருந்தது. பின்னால் படகுகள் மங்கலாகத் தெரிந்தன. தலைப்பின் எழுத்துகளிலிருந்து சிவப்பு வழிந்தது. அந்த முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வலை கட்டுகிறார்.

வலை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தில் புதிர் எதுவும் இல்லை. வலையின் கிழிந்த கண்களை விரித்துப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஊசியை ஓட்ட மறு கை. முடிச்சுக்கு முடிச்சு நூலை அறுக்க வேண்டியிருப்பதால் கத்தி தூரத்தில் இருக்கக் கூடாது. கீழே வைத்தால் வலைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். எனவே பல்லில் கடித்துக்கொள்வார்கள். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் கண்கள் இடுங்கும்.

புத்தகத்தை வாங்கி வந்து அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, ஹீரோ ஆய்ட்டேன் போல கீதே! பெரிய கேமராவ மாட்டிகினு ஒர்த்தன் வந்தான். கண்காட்சிக்குன்னு சொன்னான். டீ கூட வாங்கிக் குட்த்தேன் அவனுக்கு."

"டீக்குக் காசு குடுத்தியா, அப்போ புரடியூசரும் நீதான்" என்றார் அவர் மனைவி உள்ளேயிருந்து.

அன்றிரவு நாவலைப் படித்தேன். எங்கள் பகுதியில் நடக்கும் கதை. முதல் அத்தியாயத்திலேயே இரண்டு பிணங்கள். கடலுக்குப் போகிறவர், ஐஸ் விற்கிறவர், மாதா கோயிலில் மணி அடிக்கிறவர் என்று எல்லோர் இடுப்பிலும் கத்தி. எங்கள் பேச்சை வாய்க்கு வாய் போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பேச்சில் யாரும் குழந்தையைக் கொஞ்சவில்லை, மருந்துக்கடையில் மாத்திரை கேட்கவில்லை. கொலை செய்வதற்கு மட்டுமே அது பயன்படுகிறது.

வலை கட்டுகிறவரின் மகள் மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். மாதவரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பெண் பார்த்துப் போயிருந்தது. அவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. பூ வைக்க நாள் குறிப்பதுதான் பாக்கி. பையனின் அக்கா வேலை செய்யும் அலுவலகத்தில் யாரோ அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அட்டையில் இருந்த முகத்தை அக்கா அடையாளம் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு நாள் குறிக்கும் பேச்சு நின்றது. கடைசியில் ஒரு போன் வந்தது. பெண்ணின் அப்பா முன்பு எதிலாவது சம்பந்தப்பட்டிருந்தாரா என்று விசாரித்தார்கள். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்களாம்.

மறுநாள் பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் இளைஞர், நல்ல குரல்.

"சார், படம் நாங்க முறையா காசு குடுத்து வாங்கினது. போட்டோகிராபர் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கார்."

"படத்துல இருக்கிறவர் யார்கிட்ட கையெழுத்து போட்டுக் குடுத்தார்?"

"அது பொதுவா ஒரு முகம்தான் சார். அந்த ஏரியாவோட ஃபீல் வரணும்னு போட்டோம்."

"அவர் வலை கட்டிக்கிட்டிருந்தார்."

"அப்படியா சார்? பார்த்தா தெரியலயே. அடுத்த பதிப்புல பார்க்கலாம்."

என் வேலைக்காலம் முழுவதும் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் கழிந்தது. படத்தில் இருப்பவர் யார், எங்கே, என்ன செய்கிறார் என்ற வரி கீழே இல்லாமல் வந்தால் அந்தப் படத்தைத் திருப்பி அனுப்புவோம். சாலையோரத்தில் தூங்கும் நாய்க்குக்கூட எந்தச் சாலை என்று எழுதியிருக்கிறோம். ஒரு மனிதரின் முகத்தைக் காசு கொடுத்து வாங்கி, அவர் செய்த வேலையை அதிலிருந்து அழித்துவிட்டு, செய்யாத கொலையை ஏற்றி விற்பவர்களை இலக்கியத் தொண்டு செய்கிறவர்கள் என்று மேடைகளில் அழைக்கிறார்கள்.

பதிப்பகத்தில் சொன்னதைச் சொல்ல வலை கட்டுகிறவர் வீட்டுக்குப் போனேன். அவர் சிரிக்கவில்லை. மாதவரத்துக்காரர்கள் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். நேரில் வந்து ஒருமுறை விளக்கிவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றார்களாம்.

"போய்ட்டு வந்துர்றேன். வலைய ஒரு துண்டு எட்த்துகினு போய், இப்டித்தான் கட்டுவேன்னு காட்டிர்றேன். அதுல இன்னா கீது?" என்றார்.

"நீ எங்கயும் போவ வேணாம்பா" என்றாள் மகள். "வலை கட்டிக் காச்சுப்போன ஒங்கையப் பாத்துட்டும் ஒன்ன நம்பாத வூட்ல எனக்கு இன்னா வேல?"

"பையன் நல்ல பையன் கண்ணு."

"நல்ல பையன்தான். ஒரு போனு அவன் போட்ருக்கலாம் இல்ல?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனார். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பெரிப்பா, பேப்பர்ல படத்துக்குக் கீழ எழுதுவீங்களே, அது எப்டி எழுதணும்?"

ஆள், இடம், செய்யும் வேலை, அவ்வளவுதான் என்றேன். புகழ்ச்சியும் கூடாது, வருத்தமும் கூடாது.

மாதவரத்துக்கு யாரும் போகவில்லை. அங்கிருந்தும் பிறகு போன் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து எங்கள் கிளை நூலகத்துக்குப் போனேன். அந்த நாவல் அங்கேயும் வந்திருந்தது. நூலகர் அதை என்னிடம் நீட்டி அலுத்துக்கொண்டார்.

"பாருங்க சார், புதுப் புக்கு. அதுக்குள்ள அட்டைல கிறுக்கி வச்சிட்டாங்க."

முகத்துக்குக் கீழே, படகுகளின் மேல், கறுப்புப் பேனாவில் ஒரே வரி. மாத்திரை அட்டையில் வேளை எழுதுவது போன்ற சின்ன, தெளிவான எழுத்து: 'காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலையைக் கட்டும் என் அப்பா.'

"கிறுக்கல் இல்லை. படக்குறிப்பு. விட்டுப்போனதை எழுதியிருக்காங்க" என்றேன்.

நூலகர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரியைப் படித்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி வரியைப் படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்தபோது ரப்பரைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். பேனா மையை ரப்பரால் அழிக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எடுத்தது கிழிந்த அட்டைகளுக்கு ஒட்டும் செல்லோ டேப். ஒரு துண்டு வெட்டி, அந்த வரியின் மேல் சுருக்கம் விழாமல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.