ஆசினாவின் பெருவிரல்

"கையை மட்டும் நீட்டுடி. நீ வெளிய வரவேணாம்," என்றாள் ஜோகுடு.

கதவு கொஞ்சம் திறந்தது. உள்ளே இருந்த ஆசினா முந்தின நாள்தான் பிள்ளை பெற்றிருந்தாள். தொப்புள்கொடி விழும்வரை தாய் குடிசையைவிட்டு வரக்கூடாது, ஆண்கள் உள்ளே போகக்கூடாது. வாசலில் சிம் விற்கும் ராஜாபு ரேகை பதிக்கும் கருவியுடன் குந்தியிருந்தான்.

ஜோகுடு தெற்கு சூடானிலிருந்து எல்லை தாண்டி உகாண்டாவிலுள்ள எங்கள் முகாமுக்கு வந்தவள். சந்தையில் மந்தாசி என்ற மாவுப் பலகாரம் பொரித்து விற்கிறாள். அவள் வந்தபோது அகதி அட்டைக்கு சிம் கிடையாது, வங்கிக் கணக்கும் கிடையாது. எல்லோரையும் போல உகாண்டாக்காரி ஒருத்தியின் பெயரில் வாங்கினாள். விறகு விற்க வந்து தோழியான ஆசினாதான் அந்த ஒருத்தி.

ஜோகுடுவின் தம்பி லோமோரோ எல்லைக்கு அந்தப் பக்கம் காட்டில் எங்கோ இருக்கிறான். வழியில் போகிறவர்களிடம் போன் வாங்கி அழைப்பான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த ஒரு எண்தான்.

இப்போது அகதி அட்டையே போதும் என்று சட்டம் மாறிவிட்டது. ஆனால் அடுத்தவர் பெயரிலுள்ள எண்கள் இந்த வெள்ளியோடு துண்டிக்கப்படும். மாற்றிக்கொள்ளப் பழைய பெயர்க்காரர் ரேகை வைக்கவேண்டும். அன்றுதான் அந்த வெள்ளி.

"அவளைச் சந்தைக்குக் கூட்டிட்டு வாக்கா," என்று காலையில் சொல்லியிருந்தான் ராஜாபு.

"உங்கம்மா உன்னைப் பெத்த மறுநாள் சந்தைக்கா வந்தா?"

அவன் தன் கடைக்குடையை மடக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டான்.

இப்போது கதவிடுக்கில் ஆசினாவின் கை வந்தது. கருவி சிவப்பு காட்டியது. மறுபடியும் சிவப்பு.

"எண்ணெய்க் கையை வச்சா மெஷினுக்கு என்னக்கா தெரியும்?"

"புள்ளைக்கு எண்ணெய் தடவாம, சாம்பலாடா பூசுவாங்க?" என்றது உள்ளிருந்து குரல்.

ஜோகுடு அடுப்படிக்கு ஓடி ஒரு பிடி சாம்பல் அள்ளிவந்தாள். ஆசினாவின் பெருவிரலைத் தேய்த்து, தன் பாவாடையில் துடைத்து, கருவியில் வைத்து அழுத்தினாள். பச்சை. பிறகு தன் விரலை வைத்தாள். அதுவும் பச்சை.

"இனிமே இந்த நம்பரைத் தேடி போலீஸ் வந்தா உன்னைத்தான் பிடிப்பான்," என்றாள் ஆசினா.

"பிடிக்கட்டும். என் பேரைச் சொல்லித்தானே பிடிப்பான்."

ஜோகுடு மண்ணிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சிரிப்பு நிற்கவில்லை. உள்ளே குழந்தை விழித்து அழுதது.

மறுநாள் மழை. மந்தாசி பாதி மீந்துவிட்டது. மதியம் லோமோரோ அதே எண்ணுக்கு அழைத்தான். அவள் நட்ட மரவள்ளி முளைத்ததா என்று கேட்டான். முளைத்தது என்றாள். போன் கொடுத்தவருக்கு அவசரம், வைத்துவிட்டான். மாலையில் மீந்த மந்தாசியை ஆசினாவின் கதவிடுக்கில் கொடுத்துவிட்டு வந்தாள்.