விசிலக்காவின் முப்பத்தெட்டு வருஷம்

"வா... வா... இன்னும் வா... நில்லு! நில்லுன்னா நில்லணும்! அது என்ன, உங்க மாமனார் கட்டிக் குடுத்த செவுரா?"

குப்பை லாரிக்காரர் பிரேக்கை மிதித்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். முதல் மாடி பால்கனியில் ஒரு உள்ளங்கை விரிந்து நிற்கிறது. அது மடங்கினால்தான் எங்கள் தெருவில் லாரியும் நகரும், தள்ளுவண்டியும் நகரும். அந்தக் கைக்குச் சொந்தக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பொடிசுகள் முதல் பல் போன தாத்தாக்கள் வரை எல்லாருக்கும் விசிலக்காதான். வயது அறுபது. வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

போக்குவரத்துப் போலீசில் இருந்தவர். நாற்சந்தியின் நடுவே நின்று கை காட்டிக்கொண்டிருந்தபோது பிரேக் பிடிக்காத லாரி ஒன்று வந்து காலைக் கொண்டுபோய்விட்டது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவருக்குக் கால் போனதே தவிர, ஊதின வாய் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் பள்ளிக்கூடத்து முனையில், கழுத்தில் விசிலோடு நின்று பிள்ளைகளைச் சாலை கடத்தி விடுகிறார். சீருடை இல்லை, சம்பளமும் இல்லை. மழை வந்தால் தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவசரக்காரன் எவனாவது ஹாரனில் கை வைத்தால் தொலைந்தான். "முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்டா எனக்கு! என்கிட்டயே சவுண்டு குடுக்கிறியா?" பளபளக்கும் கார்களெல்லாம் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். தக்காளி நிறுப்பவர் தராசில் விரல் வைத்தாலும் இந்த முப்பத்தெட்டு வந்து நிற்கும்.

கணவர் மெக்கானிக். மனைவியை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை மேடத்தின் காலைக் கழற்றி மேசைமேல் வைத்து, திருகாணி முறுக்கி, எண்ணெய் விட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். "மேடம், வண்டி ஷெட்டுல இருக்கு, ஊர்வலம் எதுவும் வச்சுக்காதீங்க" என்பார். "வேலையைப் பாருன்னா, பேச்சைப் பாரு" என்று அங்கிருந்து பதில் வரும். அதன் கணுக்காலில் விரிசல் விட்ட இடத்தில் தகடு சுற்றி வைத்திருக்கிறார். இனி தாங்காது. புதுக் காலுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. ஓய்வூதியத்தில் மாதத் தவணை கட்டுவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓய்வூதியத்தில் வரி பிடித்தார்கள். தவணைக்கு வைத்திருந்தது அப்படியே போயிற்று.

விஷயம் இதுதான். வேலையில் அடிபட்டு உடல் முடங்கிய போலீசாருக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் கொடுக்கும் ஓய்வூதியத்துக்கு வரி கிடையாது. ஆனால் அறுபது வயதாகும்போது ஒரு படிவம் அனுப்புவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் என்றால், எல்லாரையும் போல வயதாகி ஓய்வு பெற்றவராகிவிடுவார். அதன் பிறகு வரி உண்டு.

"அறுபது வயசானா வரியாம்! ஏன், பொறந்தநாள் அன்னைக்கு என் காலு முளைச்சிடுச்சா? எந்திரிச்சதும் தடவிப் பார்த்தேனே, காணோமே!"

அவரும் கணவரும், மேல்வீட்டில் குடியிருக்கும் நானும், மூவருமாகப் புறப்பட்டோம். கோபம் மூக்குக்கு மேலே நின்றாலும் பழக்கம் விடுமா? வரி அலுவலகத்தில் நுழைந்த கையோடு வரிசையைச் சரி செய்தார். "கைக்குழந்தைக்காரம்மா முன்னால வாங்க. சார், வழியை மறிக்காதீங்க. பெரியவரே, அந்த நாற்காலி உங்களுக்குத்தான்." காவலாளியே அவர் சொன்ன பக்கம் ஒதுங்கி நின்றார்!

அதிகாரி சின்ன வயசுக்காரர். அரும்பு மீசை, அதைவிட மெல்லிய குரல். அவர் வாயைத் திறக்குமுன் விசிலக்கா உட்கார்ந்தார், குனிந்தார், பட்டையை அவிழ்த்தார். காலைத் தூக்கிக் கோப்புகளின்மேல் டொம்மென்று வைத்தார்.

"நீங்களே இதுகிட்ட கேளுங்க சார், ரிட்டயர் ஆயிட்டியான்னு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்படிப் போடு! அதிகாரி தேநீர்க் கோப்பையை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

"அம்மா, காலைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்க எழுதிக் குடுத்ததுதான் பிரச்சினை. எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்கன்னு கேட்ட இடத்துல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா. முப்பத்தெட்டு."

"அப்போ வரி உண்டும்மா. நான் என்ன பண்ண முடியும்?"

கணவர் மெல்ல மனைவியின் கையைத் தொட்டார். "மேடம்... அவரு, நீங்க சம்பளம் வாங்கின வருஷத்தைக் கேக்குறாரு."

"நீங்க சும்மா இருங்க."

"புதுக் கால் வேணாமா?"

விசிலக்கா கழுத்து விசிலை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் சரி செய்துவைத்த வரிசை மொத்தமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாலு" என்றார்.

"என்னம்மா?"

"நாலு வருஷம் சார். அஞ்சாவது வருஷம்தான் லாரி வந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலா! இத்தனை காலம் மேல்வீட்டில் இருந்துகொண்டு முப்பத்தெட்டையும் காக்கிச்சட்டைக் கணக்கில் அல்லவா எழுதிவைத்திருந்தேன்! மிச்சம் முப்பத்து நாலும் பள்ளிக்கூடத்து முனையில் நின்றவை. அதை வேலை இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதிகாரியோ நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "நாலா? இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா! நாலு வருஷ வேலைக்கு யாரு ஓய்வூதியம் குடுப்பாங்க? அப்போ இது முழுக்க முழுக்கக் காலுக்கு வர்ற காசு. வரியே கிடையாது! உங்க ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கிக் குடுத்துடுங்க, பிடிச்ச பணமும் திரும்ப வந்துடும்."

"அடி சக்கை!" என்று கணவர் தொடையைத் தட்டினார். வரிசையில் கைக்குழந்தைக்காரம்மா சிரித்தார். பெரியவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், நான்தான் ஜெயித்த மாதிரி. எனக்கும் குதிக்கவேண்டும் போலத்தான் இருந்தது. விசிலக்கா மட்டும் குனிந்து பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி முப்பத்தெட்டை அடித்து, பக்கத்தில் நாலு என்று எழுதி நீட்டினார். விசிலக்கா அழுத்திய அழுத்தில், கையெழுத்துப் போட்ட இடத்தில் காகிதம் கிழிந்தது.

"ஜெயிச்சுட்டோம் மேடம்! புதுக் கால்!" படி இறங்கும்போது கணவர் சொன்னார்.

"ம்."

வெளியே மதிய வெயில். அகலமான சாலை, விளக்கும் கிடையாது, கோடும் கிடையாது. எங்களுக்குப் பின்னாலேயே அதிகாரியும் சாப்பிடக் கிளம்பி வந்தார். ஓர் அடி எடுத்து வைத்தார், பின்வாங்கினார். இன்னோர் அடி, மறுபடி பின்வாங்கல். பேருந்து ஒன்று பாய்ந்து வந்துகொண்டிருந்தது.

"இதை எல்லாம் யாருய்யா தனியா ரோட்டுல விட்டது?"

சொல்லி முடிப்பதற்குள், விரிசல் விட்ட கால் கிறீச்சிட விசிலக்கா நடுச்சாலைக்குப் போய்விட்டார். உள்ளங்கை விரிந்தது. பேருந்து முனகிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் வரிசையாக அத்தனையும் நின்றன. அவர் விசிலை வாயில் வைத்து ஒரே ஊது ஊதினார். அதிகாரி பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. இடக்கை விரல்களை மட்டும் இரண்டு தடவை மடக்கிக் காட்டினார், கடக்கலாம் என்று.