அமரர் ஆக்கப்பட்ட வானமாமலை

செம்பூர் பத்ரிநாராயணன், வங்கியில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற மறுவாரமே, அப்பா துணையில்லாத பிள்ளைகளுக்கு அப்பாவாக இருப்பது என்று தீர்மானித்துவிட்டார். ஞாயிறுதோறும், பத்திலிருந்து பன்னிரண்டு வரை. சொந்த மகன் நிகிலுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதாகச் சரித்திரத்தில் குறிப்பு இல்லை.

தமிழ்ச் சங்கத்து மாடி அறையில் அவரிடம் கணக்குப் படிக்க ஒன்பது பேர் வந்தார்கள். தன்னை 'அப்பா' என்றே கூப்பிடலாம் என்று தாராளமாக அனுமதி கொடுத்திருந்தார். யாரும் அவசரப்படவில்லை. சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வரும் கலைச்செல்வி, பன்னிரண்டாம் வகுப்புக்காரி, ஒருநாள் கூப்பிட்டாள்.

"எங்கப்பா வானமாமலை எங்கள விட்டுட்டு அம்பர்நாத்ல வேற குடும்பத்தோட இருக்காரு. இங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க, அப்பா."

அந்த ஒரு சொல்லில் அவர் இரண்டு நாள் மிதந்தார்.

சங்க ஆண்டுவிழாவில் அவளுக்குப் பரிசு. அழைப்பிதழ் வாசகம் பத்ரியின் பொறுப்பு. ரகசியத்தையும் காக்க வேண்டும், குடும்ப கௌரவத்தையும் காக்க வேண்டும். அரை மணி நேரம் யோசித்து, 'அமரர் வானமாமலையின் புதல்வி' என்று எழுதினார். இவ்வளவு நல்லெண்ணத்தோடு யாரும் யாரையும் கொன்றதில்லை. கலைச்செல்வியிடம் காட்டினார். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், தன் பெயரை மட்டும் தேடிக் கண்டுபிடித்து, "மஸ்த்தா இருக்கு" என்று பாதி ஹிந்தியில் மெச்சினாள்.

விழாவன்று வாசலில் சந்தனக் குங்குமத் தட்டோடு நின்றவர் பத்ரியின் மனைவி விசாலாக்ஷி. அழைப்பிதழை வரிவிடாமல் படித்திருந்தவர். கலைச்செல்வியின் அம்மா முருகம்மாள் பெரிய பொட்டும் தலைநிறையப் பூவுமாக மகளோடு வந்து, குங்குமத்துக்கு விரல் நீட்டினாள். விசாலாக்ஷி தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிரே இருக்கும் நெற்றியைவிட அச்சான காகிதம்தான் அவருக்குப் பிரமாணம்.

"சந்தனம் மட்டும் எடுத்துக்கோங்கோ. ஆத்துக்காரர் காலமாகி எத்தனை வருஷமாச்சு?"

"யாரு காலமானது?" வரிசையே திரும்பியது. "அந்த மனுசன் அம்பர்நாத்துல மூணு வேளையும் நல்லாத் தின்னுக்கிட்டுதான் இருக்காரு. வேற வீட்ல!"

ரகசியம் கூடம் முழுக்கப் பரவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கலைச்செல்வி அழைப்பிதழைப் பத்ரியிடம் நீட்டினாள்.

"அப்பா பேருக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு?"

"அமரர்னு... இறந்துபோனவர்னு அர்த்தம்மா. உன் கௌரவத்துக்காகத்தான்..."

"எங்கம்மா பொட்ட அழிச்சா எனக்குக் கௌரவமா?"

முருகம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சிட்டிகைக்குப் பதில் மூன்று சிட்டிகை எடுத்து நெற்றியில் அப்பிக்கொண்டாள். "வா புள்ள, வீட்டுக்குப் போலாம்." மேடையில் கலைச்செல்வியின் பெயரைக் கூப்பிட்டபோது பத்ரி செருப்புகளுக்கு நடுவே குனிந்து, தன்னுடையதைத் தேடுவதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சது பெரிய தப்பும்மா."

"தெரியும் சார். ஏழாவது கணக்கு சொல்லுங்க."

வங்கியில் முப்பத்தொரு வருடமும் அந்த 'சார்' அவர் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அன்று கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏழாவது கணக்கைப் போட ஆரம்பித்தார்.